நாலு மணிக்குப் பிறகு தண்ணீர்

மார்ச் 4

வாசல் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ரிப்பேர்காரர் "நாளைக்கு வரேன் டீச்சர்" என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அவர் வந்தபாடில்லை. மருமகள் வந்துவிட்டாள்.

ராணுவ ஜீப் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடது விலாவுக்குக் கீழே ஒரு கை. எல்லையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். ஆற்றுப் பம்பிலிருந்து மலைமேல் இருக்கும் முகாம்களுக்கு. போன மாதம் ஸ்டியரிங் மேலேயே மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். வண்டி நின்றிருந்ததால் பிழைத்தாள். சிறுநீரகத்தில் கல், அதைச் சுற்றிச் சீழ். கல்லை எடுத்துவிட்டார்கள். அந்தச் சிறுநீரகம் இனி பாதிதான் வேலை செய்யுமாம்.

"என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"போருக்குப் போய் யாரும் தொப்பையோட திரும்பினதில்ல அத்தை."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

டாக்டர் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் நன்றாகக் குடிக்கிறாள். மத்தியானம் குடிக்கிறாள். நாலு மணிக்கு மேல் கொடுத்தால் வாங்கி வைத்துவிடுகிறாள். இரவு பாத்திரம் கழுவும்போது பார்த்தால் டம்ளர் நிறைய அப்படியே இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் சிறுநீரகத்தைக் கரும்பலகையில் வரைந்தவள். புரியாத பிள்ளைகளுக்கு டீ வடிகட்டியைக் காட்டுவேன். கழுவாமல் வைத்தால் தூள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதுதான் கல் என்பேன். கடைசி பெஞ்சுக்காரனுக்குக்கூடப் புரிந்துவிடும். இவளுக்கா புரியாது?

மார்ச் 7

இன்றும் அந்த டம்ளர்.

மார்ச் 11

கேட்டுவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவளோ என்னையே திருப்பிக் கேட்டாள்.

"அத்தை, நீங்க ஸ்கூல்ல எப்படிச் சமாளிச்சீங்க?"

சொன்னேன். ஆசிரியைகளுக்கு இருந்தது ஒரே கழிவறை. கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நிற்கவேண்டும். நிற்க ஆள் கிடைக்காத நாளில் காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி, கடைசி மணி அடிக்கும் வரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டோம். அறிவியல் டீச்சரே இப்படியா என்று தமிழாசிரியை கிண்டல் செய்வாள். அவளும் குடிக்கமாட்டாள்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெங்காயம்தான். அப்புறம் சொன்னாள்.

முகாமில் மொத்தம் ஐந்து பெண்கள். கழிவறை ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், ஆண்கள் கூடாரங்களைத் தாண்டி. கதவுக்குப் பதில் சாக்குப் படுதா. விளக்குப் போட்டால் எதிரி குறி பார்ப்பான் என்று ஒரு பல்பு கூடக் கிடையாது. ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் போன நர்ஸ் பெண், சட்டைக்கை கிழிந்து, உதடு வெடித்துத் திரும்பி வந்தாள். கொட்டகை நிழலில் சார்ஜண்ட் நின்றிருந்தானாம். நாலாவது நாள் நர்ஸை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். சார்ஜண்டை மாற்றவில்லை.

"அன்னைலருந்து நாங்க யாருமே நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல அத்தை. பேசி வெச்சது கூட இல்ல. தானா நின்னுபோச்சு."

"பகல்லயாவது வேணுங்கறது குடிக்கலாமே?"

"பகல்ல வண்டில இருப்பேன். ஆம்பளைங்க டயர் ஓரமா நின்னுட்டு ஏறிடுவாங்க. நான் எங்க போறது? தார் ரோட்டை விட்டுக் கால எடுத்து வெச்சா கண்ணிவெடி."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, "குண்டுக்கு ஹெல்மெட் குடுத்தாங்க. இதுக்கு ஒண்ணும் குடுக்கல," என்றாள்.

மார்ச் 12

பின்னால ஒரு லாரித் தண்ணி தளும்புது. முன்னால நாக்கு ஒட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வண்டி ஓட்டுறா. அவளுக்கு எதிரி எந்தப் பக்கம்? இன்னைக்கு இதுக்கு மேல எழுத வேண்டாம்.

மார்ச் 19

ராணுவ அலுவலகத்திலிருந்து போன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி மருத்துவக் குழு முன்னால் போகவேண்டும். நோய்க்குக் காரணம் "சொந்தக் கவனக்குறைவு" என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்களாம். அதை ஒப்புக்கொண்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். இல்லை என்றால் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சார்ஜண்டைச் சொல்லவேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் சண்டை. என் மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் யாருக்கு எது தெரியவில்லை என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

"கல்லு வந்துச்சு, எடுத்தாச்சு. அதோட விடேன். பெரிய பெரிய ஆபீசருங்க முன்னாடி நின்னு பாத்ரூம் கதையா சொல்லப் போற?"

"இன்னும் மூணு பேர் அங்க இருக்காங்க. அவங்களுக்கும் கல்லு வரட்டும், அப்புறம் சொல்றேன்."

"நாளைக்குக் கடைக்கு வர்றவன் என்ன பேசுவான்னு யோசிச்சியா?"

"அவனுக்குத்தான் கண்ணு தெரியாதே. நீங்க ஏன் கூச்சப்படறீங்க?"

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். ஒருத்திக்கு மாமியார், ஒருத்தனுக்கு அம்மா என்று ஒரே ஆளாக உட்கார்ந்திருப்பது பெரிய வித்தை.

மார்ச் 23

முகாமிலிருந்து அவளுடைய தோழி பேசினாள். வயர்லெஸ் பிரிவில் இருப்பவள், எல்லோருக்கும் ரேடியோக்காரி. வருகிற ஜூனில் மலையுச்சி ரேடியோ நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு. இதுவரை எந்தப் பெண்ணுக்கும் கொடுக்காத இடம். போனை மேசையில் வைத்துத்தான் பேசினார்கள், எனக்கும் கேட்டது.

"சொல்லுடி. தைரியமாச் சொல்லு. ஆனா ரெண்டே ரெண்டுதான் கேக்கணும். தாப்பாள் வெச்ச கதவு ஒண்ணு. கீழ்ப்பக்கமா மட்டும் வெளிச்சம் விழற விளக்கு ஒண்ணு. அரண்மனை எதுவும் கேட்டு வெக்காத."

"சரிடி கஞ்சம்."

"சீக்கிரம் வந்து சேரு. உன் வண்டிய இப்ப ஓட்டுறவன் கியர் போட்டா மலையே அழுவுது."

மருமகளுக்கும் அதுதான் ஆசை. கதவு வரவேண்டும், தானும் திரும்பிப் போகவேண்டும். அந்த லாரியை 'என் வண்டி' என்கிறாள். என் வகுப்பு என்று நான் சொல்லித் திரிந்த மாதிரி.

ஏப்ரல் 9

நானும் கூடப் போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே மூன்று பேர், மூவரும் ஆண்கள். நடுவில் இருந்தவர் டாக்டர்.

"தண்ணி லாரி ஓட்டுற பொண்ணுக்கே குடிக்கத் தண்ணி இல்லாமப் போச்சா?" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி. கொட்டகை, படுதா, இருட்டு, நர்ஸ், சார்ஜண்ட். கடைசியில் ஒரு கதவு, ஒரு விளக்கு.

"இதையெல்லாம் அப்பவே ஏன் புகார் பண்ணல?"

"முகாம்ல புகார் வாங்கறதே அவர்தான் சார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"தக்க நடவடிக்கை எடுக்கறோம்மா, நீங்க போகலாம்," என்றார் டாக்டர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நல்ல மனிதர்கள் இந்த வாக்கியத்தை எங்கே கற்றுக்கொள்கிறார்களோ.

வெளியே வந்ததும் அவளுக்குக் கழிவறை போகவேண்டியிருந்தது. பெண்கள் கழிவறை பூட்டியிருந்தது. சாவி பியூனிடம். பியூன் சாப்பிடப் போயிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படியிறங்கும் வரை அடக்கிவைத்த சிரிப்பு தெருவில் வந்து வெடித்தது. சிரித்து முடித்தபின் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மே 2

செய்தியில் முதல் செய்தியே அதுதான். பெண் வீரர்களின் பாதுகாப்பைக் கருதி, முன்னணி முகாம்களிலிருந்து அவர்கள் எல்லோரும் உடனே திரும்ப அழைக்கப்படுகிறார்கள். வாசிக்கிறவர் குரலில் அப்படி ஒரு கருணை.

மருமகளுக்குத் தனியாகத் தகவல் வந்தது. உடல் தகுதி இல்லை, விடுவிப்பு. காரணம் மாறவில்லை. சொந்தக் கவனக்குறைவு.

மத்தியானம் ரேடியோக்காரி பேசினாள். இன்று போன் மேசையில் இல்லை, காதோடு இருந்தது. ஆனாலும் கேட்டது, அவள் அவ்வளவு கத்தினாள்.

"கதவுதானே கேக்கச் சொன்னேன்? கதவுதானேடி கேக்கச் சொன்னேன்?"

"அதான் கேட்டேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை..."

"ஜூன்ல ஸ்டேஷன் என் கைக்கு வந்திருக்கும். இப்ப கிடங்குல உக்காந்து போர்வை மடிக்கறேன். அந்த சார்ஜண்ட் அங்கேயேதான் இருக்கான். ஜம்முன்னு."

போன் வைத்துவிட்டாள். இவள் காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் ஜடையை இழுக்கிறான் என்று ஒரு பெண் எழுந்து நின்று சொன்னால், அந்தப் பெண்ணை வேறு இடத்தில் உட்கார வைப்பார்கள். ஜன்னல் பக்கம், வெளிச்சம் உள்ள இடம், பிடித்த தோழி எல்லாம் போய்விடும். பையன் அங்கேயே இருப்பான். அடுத்த வாரம் வேறு ஜடை. இதற்குப் பெயர் பிரச்சினையைத் தீர்த்தல். அது வகுப்பறை. இது ஒரு நாட்டின் ராணுவம். பாடம் ஒன்றேதான்.

மே 3

நாள் முழுக்க அவள் தண்ணீரே குடிக்கவில்லை. காலையிலும்.

ஜூன் 15

மகன் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். யாரோ ஓய்வுபெற்ற அதிகாரி, கண் பரிசோதனைக்கு வந்த இடத்தில், "அந்த டாய்லெட் கேஸ் உன் சம்சாரம்தானாமே?" என்றாராம்.

"நீ என்னடா சொன்னே?"

"கண்ணாடி போட்டா எழுத்து தெரியும் சார், மனுஷங்க தெரியறதுக்கு என்கிட்ட லென்ஸ் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேம்மா."

நிஜமாகவே சொன்னானா, வரும் வழியில் யோசித்ததா, தெரியவில்லை. மருமகள் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு அவள் தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். காலையில் பார்த்தேன். குறையவில்லை. பரவாயில்லை, வைத்தான்.

ஜூலை 28

சண்டை முற்றிவிட்டது. ஒரு மலை கைவிட்டுப் போனதாம். செய்தி வாசிக்கிறவர் குரலில் இப்போது கருணை இல்லை.

ஆகஸ்ட் 20

சாயங்காலம் வாசலில் பூட்ஸ் சத்தம். நான் கற்பனை செய்துவைத்திருந்த அளவுக்கு ரேடியோக்காரி உயரமில்லை. என் தோள் வரைதான் வந்தாள். சீருடையில் இருந்தாள்.

ஆள் பற்றவில்லையாம். கிடங்கில் இருந்த பெண்களை மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக் காலை வண்டி. "இப்ப எங்க பாதுகாப்பு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லல டீச்சர். ஒருவேளை எதிரிகிட்ட பேசி முடிச்சிருப்பாங்க."

என்னோடுதான் பேசினாள். மருமகள் பக்கம் திரும்பவில்லை. மருமகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மணி நாலரை. ரேடியோக்காரி அதைத் தொடவில்லை. ஒரு டம்ளருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

"போற இடத்துல கதவாவது போட்டாங்களாம்மா?" என்று நானே கேட்டேன்.

"ஓ, போட்டாங்களே! நாங்க கிளம்பின மறுவாரமே போட்டாங்களாம். புதுசா ரூமே கட்டி, இரும்புக் கதவு, கீழ பாக்கற விளக்கு. ஆளுதான் இல்ல. சும்மா கெடக்கேன்னு உருளைக்கெழங்கு மூட்டைய அடுக்கிட்டாங்க. கெழங்கை யாரும் திருடிடக் கூடாது பாருங்க, அதனால தாப்பாளைக் கழட்டி வெளிப்பக்கமா வெச்சுட்டாங்களாம்."

"வெளிப்பக்கமா?" என்றாள் மருமகள். ரேடியோக்காரி வந்ததிலிருந்து மருமகள் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா. உள்ள போனா கெழங்கு மாதிரிதான் உக்காரணும். வெளிய எவன் வேணா பூட்டிக்கலாம்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவனும் அங்கதான் இருக்கான்," என்றாள்.

மருமகள் எழுந்து உள்ளே போனாள். மகனின் கருவிப் பெட்டி திறக்கிற சத்தம். பிறகு குளியலறைப் பக்கம் கிறீச் கிறீச் என்று ஏதோ திருகுகிற சத்தம். திரும்பி வந்தபோது அவள் கையில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் இருந்தது. கனமான பித்தளை. வீடு கட்டியபோது என் கணவர் பார்த்துப் பார்த்து வாங்கியது. கூட நாலு திருகாணி, ஒரு திருப்புளி.

"இரும்புக் கதவுன்னா ஓட்டை போடணும். அங்க நம்ம முகாம் மெக்கானிக் அண்ணன்கிட்ட டிரில் இருக்கு. மொதல்ல கெழங்கை வெளிய தள்ளு. அப்புறம் இதை மாட்டு. மத்ததெல்லாம் அப்புறம்."

ரேடியோக்காரி அந்தத் தாழ்ப்பாளை உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். டக், டக்.

"கிறுக்கச்சி. வீட்டுக் கதவையா கழட்டுவ?"

"அரண்மனைத் தாப்பாள்டி. வெச்சுக்க."

அவள் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. தப்பு யார்மேல் என்று கணக்குப் பார்த்தால் அந்த அறையில் இருந்த யாரும் அதைக் கேட்கவேண்டியவர்கள் இல்லை.

தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. "இதை மாட்டற வரைக்கும் குடிக்காமலே பழகிக்கறேன் டீச்சர்," என்றாள்.

ஆகஸ்ட் 21

காலை வண்டியில் போய்விட்டாள். மருமகள் பஸ் நிலையம் வரை போய்விட்டு நடந்தே திரும்பினாள்.

குளியலறைக் கதவில் நாலு ஓட்டை. தாழ்ப்பாள் விற்கிற கடை நாளைதான் திறக்கும். அதுவரை உள்ளே போகிறவர் சத்தமாகப் பாடவேண்டும் என்று மகன் சட்டம் போட்டிருக்கிறான். அவன் பாடியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

மருமகள் பாடவில்லை. நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பழகிய வேலை.

மாலை ஐந்து மணி இருக்கும். இரண்டு டம்ளர் குடித்திருந்தாள்.