செல்வியின் ஆஸ்பத்திரி அட்டை

செவ்வாய்க்கிழமை, இரவு.

எனக்கு எழுத்து தெரியாது. மெதுவாகச் சொன்னால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது.

மருமகள் செல்வி கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் காப்பர் டீ வைத்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது மகளைப் பெற்றபோது அவளுக்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். ஆண்பிள்ளை வேண்டும் என்று நிற்கிற என் மகனிடம் அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அட்டையை என் தாள்கள் இருக்கும் பையில் வைக்கச் சொல்லித் தந்தாள். "உங்க பைய யாரும் தொட மாட்டாவ மாமா," என்றாள்.

இன்று சாயங்காலம் மகன் பேங்குக்கு என் ஆதாரைக் கேட்டான். மடிப்பையும் கறையையும் வைத்துத்தான் எனக்குத் தாள்கள் அடையாளம். மழை ஈரத்தில் ஆதாரும் செல்வியின் அட்டையும் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. சேர்த்தே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவன் நின்றபடியே வாசித்தான்.

"எம்புட்டு நாளா நடக்கு இது? படிக்கத் தெரியாத ஆளுன்னு பாத்தா, வீட்டுக்குள்ள தனி ஆபீசே நடத்துதிய."

"ஏல, இன்னொண்ணு பெத்தா அவ தாங்க மாட்டா."

"எல்லாம் தாங்குவா. நாளைக்கே எடுத்துரணும். நீங்களே கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குத்தான் வழி தெரியும்லா."

செல்வி மாவு பிசைவதை நிறுத்தவில்லை. அவன் வெளியே போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எத்தன மணிக்கு மாமா போவணும்?"

போக வேண்டாம் என்று நான் சொல்வேனா என்றுதான் கேட்டிருப்பாள்.

எட்டு மணிக்கே வரிசை போட்டுவிடுவார்கள் என்றேன்.