சரவணன் அண்ணன் திரும்பிப் பார்த்தார்

என் ஆருயிர் மாப்ள இர்பானுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக மேலே இருக்கும் உனக்கு, அறிவிப்பது யாதெனில்: வண்டியூர் முத்துவாகிய எனக்கு, நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின், மேலுதட்டில் மீசை என்று சொல்லத்தக்க பதினோரு முடிகள் முளைத்துள்ளன. ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வரவும்.

வாடா. நேரில் வந்து ஆட்சேபி.

வரமாட்டாய். மூன்று மாதமாகிவிட்டது. ஒன்பது நாள் காய்ச்சலுக்கு ஒருத்தன் செத்துப்போவானா? "ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு வந்துருவேன்டா" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னாய். எந்த ஞாயிறு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, நிஜமான சேதிக்கு வருகிறேன். சரவணன் அண்ணன் அணியை விட்டுப் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தை நம் அணியின் இணையப் பக்கத்தில் போடப்போகிறேன். அதனால் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் ஆடுவது செல்போனில் துப்பாக்கிச் சண்டை. ஒரு தீவில் பல அணிகள் இறங்கும், அணிக்கு நாலு பேர். நிற்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசிவரை மிஞ்சுகிற அணி ஜெயிக்கும். தெப்பம் என்ற எங்கள் அணியை ஆரம்பித்தவன் இர்பான். அதில் பெரிய தலை சரவணன் அண்ணன். எங்களில் டெல்லி மேடை வரை போய் ஆடிய ஒரே ஆள். தல்லாகுளத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

நம் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். வட்டம் சுருங்கிவிட்டால் ஒருத்தன் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த ஒருத்தன் நீ. "அண்ணே, பின்னால!" என்பாய். யார், எத்தனை பேர் என்று அண்ணன் கேட்டதே இல்லை. திரும்புவார், சுடுவார், முடிந்தது.

உனக்கப்புறம் அந்தப் பொறுப்பு கார்த்திக்குப் போனது. உன் இடத்துக்கு அவன் தம்பி பாலா வந்தான். கார்த்தியைத்தான் தெரியுமே, குசலம் விசாரித்தாலும் கத்தி விசாரிக்கிற ஆள். அவன் "பின்னால" என்றால் அண்ணன் உடனே திரும்பமாட்டார். ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடிக்காகத் தினமும் சண்டை.

"நாஞ் சொன்னா திரும்ப மாட்டீகளாண்ணே? இர்பான் சொன்னாத்தேன் திரும்புவீகளோ?"

"சரியாச் சொல்லு, திரும்புறேன்."

"அப்ப அவனையே கூட்டியாந்து வெளையாடுங்க!"

அன்றைக்குப் பயிற்சியை அதோடு நிறுத்திவிட்டோம். அதற்கு மேல் யார் ஆடுவது?

போன ஞாயிறு தகுதிச் சுற்று, நாலு பேரும் வழக்கமான மாடி அறையில் உட்கார்ந்து ஆடினோம். நான் சீக்கிரமே செத்துவிட்டேன் (விளையாட்டில்தான், உடனே மேலே இடம் ஒதுக்காதே). பாலாவும் போனான், கார்த்தியும் போனான். செத்த கோபத்தில் கார்த்தி ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனான், பின்னாலேயே தம்பியும். கடைசி வட்டத்தில் அண்ணன் தனி ஆள். எதிரில் இரண்டு பேர். அண்ணன் காதில் பேச ஒருத்தரும் இல்லை.

எனக்குப் பாம்புக் காது என்று நீயே சொல்வாய். அண்ணனுக்குப் பின்னால் காலடிச் சத்தம். அவருக்குக் கேட்காதது எனக்குக் கேட்டது. விளையாட்டில் செத்தவனும் மற்றவர் ஆட்டத்தைக் கேட்கலாம், பேசலாம்; நானே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சும்மா சும்மா "அண்ணே, பின்னால" என்று கத்தி அவரைப் பதறவைத்துச் சிரித்தவன் நான். என் வார்த்தைக்கு யார் திரும்புவார்?

தப்பு கண்டுபிடிக்க நம் பேச்சை எல்லாம் பதிவு செய்வோமே, அதிலிருந்து உன் குரலைத் துண்டு துண்டாக வெட்டி என் பழைய ஃபோனில் வைத்திருந்தேன். உன் தும்மல், ஏப்பம், "டேய் முத்து, மூடுறா". நீ இருக்கும்போது உன்னை வெறுப்பேற்றச் செய்தது. நீ போனபின் அழிக்கக் கை வரவில்லை. அந்த ஃபோனை மைக் பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

"அண்ணே, பின்னால!"

திரும்பினார் மாப்ள. அதே பழைய வேகம், யோசனையே இல்லை. அப்புறம்தான் அது யார் குரல் என்று உறைத்திருக்க வேண்டும். திரையில் அவர் கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. எதிரில் இருந்தவர்கள் முதுகில் சுட்டார்கள்.

கார்த்தி உள்ளே வந்தபோது பார்த்தது, எதிரிக்கு முதுகு காட்டி விழுந்துகிடந்த அண்ணனைத்தான். "யாரு கூப்ட்டான்னு திரும்புனீக? வயசாயிருச்சுண்ணே ஒங்களுக்கு. கண்ணும் போச்சு, காதும் போச்சு!"

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஆமாடா, வயசாயிருச்சு" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

மாடிப்படியில் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே..." என்றேன்.

"அழிச்சிராத, வச்சுக்க. ஆனா எனக்கு மறுபடி போட்ராதடா முத்து. இன்னொருக்க கேட்டா இந்தக் கை எந்திரிக்காது."

அன்று சாயங்காலமே அணியின் குழுவிலிருந்து விலகிவிட்டார். நம் பக்கத்தில் இப்போது கண்டவன் எல்லாம் அவரைத் தாத்தா என்கிறான். அவர் ஒரு பதிலும் போடவில்லை. நான் போட்டிருக்க வேண்டும் இல்லையா? போடவில்லை.

தோற்றவர்களுக்கு இன்னொரு சுற்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நாலு பேர் பெயர் கொடுக்க வேண்டும். எங்களிடம் மூன்றுதான். அண்ணன் இல்லாவிட்டால் திருச்சி அணிக்குப் போவதாகக் கார்த்தி சொல்கிறான். அவன் போனால் பாலாவும் போவான். தெப்பம் முழுகுது மாப்ள, இதில் மிதப்பாகத் திரிகிறவன் நான் ஒருத்தன்தான். மாட்டுத்தாவணிப் பூக்கடையில் உங்க அத்தா என்னைப் பார்த்தால், "அணி நல்லாருக்காப்பா?" என்றுதான் கேட்கிறார். பெத்த மகன் உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அவரிடம் என்ன சொல்ல?

நேற்று அண்ணன் கடைக்குப் போனேன். "என்னடா, டிஸ்ப்ளே போச்சா?" என்றார், வாடிக்கையாளரைக் கேட்பதுபோல. "ஆமாண்ணே" என்று ஒன்றும் ஆகாத ஃபோனை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதன் கண்ணாடியைத் துடைத்தார், கையில் கொடுத்தார். வந்துவிட்டேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சொல்லேன்டா.

கார்த்தி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அண்ணன் மேல் தப்பில்லை. கூப்பிட்டது நான்.

இர்பான், இன்னும் ஒன்று பாக்கி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை மாப்ள. அண்ணனுக்குப் பின்னால் யாருமே இல்லை. கடைசி வட்டம், யாரும் பேசவில்லை, அந்த நேரத்தில் எப்போதும் நீ பேசுவாய். ஒரே ஒரு தடவை நீ பேசி அண்ணன் திரும்புவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.

உன் குரலை எத்தனையோ இடத்தில் வெட்டினேன். இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் வெட்டமாட்டேன். இப்படியே இன்றைக்கே போடுகிறேன், போட்டுவிட்டு அண்ணன் கடை வாசலில் போய் நிற்கிறேன். சத்தியம்.

உன் கூடப்பிறக்காத மாப்ள,
முத்து