பன்னிரண்டு நொடி முந்தி வந்த ராஜாக்கள்

அவனியாபுரம், மதுரை
22.12.2025

அன்பு மகன் ஜெர்சனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், என் மூட்டுவலியும் என்னோடு சேர்ந்து சுகமாகத்தான் இருக்கிறது. நீயும் ஆன்சியும் அந்த ஊர்ப் பனியில் எப்படி இருக்கிறீர்கள், ஆன்சிக்கு இருமல் நின்றதா, நீ காதை மூடித் தொப்பி போடுகிறாயா என்று விவரமாக எழுது. நம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை ஒரு வழியாக மூடிவிட்டார்கள், ஷேர் ஆட்டோ மறுபடி வாசல் வரை வருகிறது.

நீ மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அப்பா ஓட்டிய திருமங்கலம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தோம். ஒரு தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போனது. நீ என் முந்தானையை இழுத்து, நம்ம வண்டியும் அம்புட்டு வேகம் போகும்ல, பிறகு எதுக்கு அப்பா இப்படி உருட்டுறாரு என்று கேட்டாய். நான் உடனே வாத்தியார் வேலையைக் காட்டினேன். பீரியட் நாற்பத்தைந்து நிமிஷம் என்றால் நான் நாற்பது நிமிஷத்துக்குத்தான் கணக்குக் கொடுப்பேன், ஒருத்தி பேனா எழுதாது, ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போவாள், அதற்கெல்லாம் ஐந்து நிமிஷம் கையில் இருக்க வேண்டும், பஸ்ஸும் அப்படித்தான் என்றேன். அப்பா கண்ணாடியில் உன்னைப் பார்த்து, போகும்டா, நிக்கணும்ல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தக் கையிருப்பு ஐந்து நிமிஷத்தை நானே எடுத்துச் செலவு செய்யும்படி இந்த டிசம்பரில் ஒரு வேலை வந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போன மாதம் நீ போனில், அப்பாவுக்கு என் மேல கோபமா, ஏன் என்கிட்ட பேசவே மாட்டேங்குறாரு என்று கேட்டாய், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பிப்ரவரியில் அப்பாவுக்குத் தொண்டையில் சின்னக் கட்டியை எடுத்தது உனக்குத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்டை நீயும் பார்த்தாய். இரண்டு வாரம் வாயைத் திறக்கக்கூடாது, அதன் பிறகு கட்டாயம் பேசிப் பழக வேண்டும், குரல் கரகரவென்றுதான் வரும், பேசப் பேசத் தேறும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது வாரம் அப்பா டீக்கடையில் போய் ஒரு டீ கேட்டிருக்கிறார். கடைக்காரர் திரும்பிப் பார்த்து, என்னண்ணே தகரத்தை இழுத்த மாதிரி இருக்கு என்று சிரித்துவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் திருவிழா மைக்கில் தேர் வருது ஒதுங்குங்க என்று அப்பா சொன்னால் அடுத்த தெரு ஆடுமாடுகூட ஒதுங்கும், அப்படிப்பட்ட குரலை வைத்திருந்த மனுஷன். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, பேனா, எல்லாம் அதில்தான். நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா கடைக்குப் போயிருக்கார், குளிக்கிறார் என்று நான் சொன்னேனே, அத்தனை தடவையும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். இந்தச் சத்தத்தைக் கேட்டா பிள்ளை பயந்து டிக்கெட் போட்டுருவான் என்று எழுதிக் காட்டுவார். கோபம் இல்லையப்பா, வெட்கம். பக்கத்திலேயே இருப்பதால் இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இப்போது அவர் கறிக்கடைக்குப் போயிருக்கிறார், இது நிஜம்.

சரி, கதைக்கு வருகிறேன். அக்டோபரில் வருஷா வருஷம் செய்வது போலக் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களைப் பரணிலிருந்து இறக்கி, நீ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்தேன். டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான். பொம்மைகளையும் விளக்குகளையும் ஓட்ட நீ செய்த பெட்டியைப் பிரிண்டர் சொருகுகிற அந்த அகல வாயில் மாட்டினால்தான் வேலை செய்யும், இப்போது வருகிற லேப்டாப்பில் அப்படி ஒரு வாயே கிடையாது. நீ ரெடிமேடாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றாய். நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. நம் குடிலில் தேவதூதர் பேசுகிறாரே, நீ பதிவு செய்த அப்பாவின் குரல், பயப்படாதீங்கப்பா நல்ல சேதி கொண்டாந்திருக்கேன், அந்த மாட்டுக் கொட்டத்துல போய்ப் பாருங்க என்று, அது அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. இந்த வருஷம் அந்தக் குரல் தெருவில் கேட்க வேண்டும், அப்பா கேட்க வேண்டும், கேட்டால் ஒருவேளை வாயைத் திறப்பார் என்று எனக்குள் ஒரு ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

விமான நிலைய ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் பிரித்து விற்கிற அருண்பாண்டி கடை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது. நல்ல மனிதர், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்ன டீச்சர், இதுக்கு இம்புட்டு பாடுபடுறீங்க, இதோட வயசுல பிள்ளைக காலேஜ் முடிச்சிட்டாய்ங்க என்று கேலி செய்துகொண்டே குவியலில் தேடி அந்தக் காலத்துப் போர்டு ஒன்றை எடுத்தார். டிஸ்கும் பெட்டியும் நம்முடையதே. மெமரி மட்டும் கிடைக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த சத்யப்ரியா டீச்சர் திருவாதவூரில் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருந்து இரண்டு துண்டு கழற்றித் தந்தாள், கூடவே ஒரு பை நிறைய மொச்சைக்காய். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று மூன்று தடவை கத்திவிட்டு நின்றது. அருண்பாண்டிக்குப் போன் போட்டேன், மெமரியைக் கழட்டி அதோட தங்கப் பல்லை ரப்பர் வச்சு அழிங்க டீச்சர் என்றார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் தப்பை அழித்த கைக்கு இது பெரிய வேலையா, அழித்து மாட்டினேன், உயிர் வந்துவிட்டது. அப்பா நோட்டில், வாத்திச்சி கடை திறக்கப் போறியா என்று எழுதிக் காட்டினார்.

ஆனால் ஒரு குறை. உன்னுடைய பழைய கம்ப்யூட்டரின் வேகம் 166, இது 133. பொம்மை எவ்வளவு நேரம் நகர வேண்டும் என்பதற்கு நீ புரோகிராமில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை, சும்மா நாலாயிரம் வரை எண்ணு, பிறகு அடுத்த அடி எடுத்து வை என்று எழுதியிருக்கிறாய். கண்ணாமூச்சியில் நூறு எண்ணச் சொன்னால் வேகமாக எண்ணுகிற பிள்ளை சீக்கிரம் வந்துவிடும், மெதுவாக எண்ணுகிற பிள்ளை லேட்டாக வரும், அதே கதைதான். குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களும் கம்பியில் ஒட்டகத்தோடு நோய்வாய்ப்பட்டவர்கள் மாதிரி ஊர்ந்து வந்தார்கள். ஐந்தில் நாலு பங்கு வேகம், அப்படியானால் ஐந்தில் நாலு பங்கு எண்ணினால் போதும் என்று நாலாயிரத்தை மூவாயிரத்து இருநூறாக மாற்றினேன். ராஜாக்கள் சரியான நேரத்துக்கு வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் பிறகு ஸ்பீக்கரை மாட்டி அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேவதூதரைப் பேச விட்டேன். எண்ணவும் வேண்டும் பேசவும் வேண்டும் என்றால் அந்த மெஷினுக்கு மூச்சுப் பத்தவில்லை. ப, ப, பயப், ப என்று திக்கித் திணறி நின்றது. அப்பா நோட்டை எடுத்து, இதுக்கும் என் தொண்டைதான் வாய்ச்சிருக்கு என்று எழுதி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஏன் இதைத் தொட்டோம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை பொம்மைகளை எல்லாம் தெருவில் குடில் போடுகிற இடத்துக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுபோய்விட்டார்கள். நான் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து அருண்பாண்டி கடைக்குப் போனேன். குரலை மட்டும் செல்போன்ல ஏத்தி விட்டுருவோம் டீச்சர் என்றார். எனக்குப் பிடிவாதம், இதிலேயே முழுசாகப் பேச வேண்டும் என்றேன். அப்படியானால் ஓவர்கிளாக் பண்ணுவோம், அப்பல்லாம் கேம் விளையாடுறதுக்கு இதத்தான் பண்ணுவாய்ங்க என்றார். போர்டில் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கின்றன, அதில் அரிசி அளவு மூடி ஒன்றை எந்த ஊசியில் மாட்டுகிறோமோ அதுதான் வேகம். செய்தவர்கள் 133 என்று எழுதினது அது அவ்வளவுதான் ஓடும் என்பதற்காக இல்லை, எந்த வெயிலிலும் எந்த மின்சாரத்திலும் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக. நம் நாற்பது நிமிஷக் கணக்கேதான். மூடியை நான்தான் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாற்றினேன். திரையில் 166 என்று வந்தது. இருபது நிமிஷத்தில் அப்படியே உறைந்து நின்றது. அருண்பாண்டி தொட்டுப் பார்த்துவிட்டு, தோசை ஊத்தலாம் டீச்சர் என்றார். சூட்டை வெளியே கடத்துகிற பசை காய்ந்து கிடந்தது, அதைச் சுரண்டிப் புதுப் பசை தடவி, பெரிய ஃபேன் ஒன்றைக் கட்டி, பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டோம். சாயங்காலம் வரை நிற்கவே இல்லை. தேவதூதர் தடங்கல் இல்லாமல் பேசினார், கடைக்கு சார்ஜர் வாங்க வந்தவர்கூட யாரு சார் இது, கணீர்னு இருக்கு என்று கேட்டார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால் அப்பா நோட்டில் எழுதுகிறார், 133ன்னு எழுதியிருந்தா 133தான், வண்டிக்கு வாங்குற மாதிரி எஃப்.சி. வாங்கினியா என்று. முப்பது வருஷம் ஒரு தடவைகூட வேகமாக ஓட்டாதவர் வேறு எப்படி எழுதுவார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குடில் திறப்பு. நம்மோடு மாதாமாதம் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக் குடும்பங்கள் பதினொன்றும் வந்திருந்தன, எதிர்வீட்டு ராமக்காளும் வந்திருந்தாள், வைக்கோல் முழுக்க அவள் தொழுவத்து உபயம். அப்பா வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். குழந்தைக்கு மேலே எரிகிற விளக்கு மட்டும் கையால் போடுகிற சுவிட்ச்தானே, அது எப்போதும் அவர் பொறுப்பு, வேறு யாரும் போட்டால் சரியாக வராது என்று நான் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தேவதூதர் பேசி முடித்ததும் விளக்கு எரிய வேண்டும், விளக்கு எரிந்த பிறகு ராஜாக்கள் வந்து சேர வேண்டும், அதுதான் முறை. ஆரம்பித்தோம். அப்பாவின் பழைய குரல் தெரு முழுக்கக் கேட்டது, ஒரு எழுத்து விழவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராஜாக்களைக் கவனிக்கவில்லை. மூவாயிரத்து இருநூறை மறுபடி நாலாயிரமாக மாற்ற மறந்துவிட்டேன் ஜெர்சன். குறையை எண்ணிக்கையிலும் திருத்தி வேகத்திலும் திருத்திவிட்டேன், ஒரே தப்புக்கு இரண்டு தடவை சிவப்பு மை. ஒரு நிமிஷத்தில் வர வேண்டியவர்கள் நாற்பத்தெட்டு நொடியில் வந்துவிட்டார்கள். தேவதூதர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், குழந்தை இன்னும் பிறக்கவில்லை, ஒட்டகங்கள் வளைவில் ஆடிக்கொண்டு பாய்ந்து வருகின்றன, முதல் ராஜா ஒரு ஆட்டுக்குட்டியைத் தட்டிவிட்டார். அப்போது என் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம், ஏய், பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடி என்று. தகரச் சத்தம்தான். அப்பா வலது காலை ஓங்கித் தரையில் மிதித்தும் விட்டார்.

ஒரு கணம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது சிரித்துவிட்டால் இந்த மனுஷன் இனி இந்த ஜென்மத்தில் வாயைத் திறக்கமாட்டார். சிரித்தும் விட்டார்கள், ஆனால் அந்தக் குரலைப் பார்த்து இல்லை. ராமக்காள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒட்டகத்துக்கு பிரேக் எங்கண்ணே இருக்கு, நீங்க ஓட்டுன வண்டியிலயே இருந்துச்சான்னு சந்தேகம்தான் என்றாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நோட்டை எடுக்கவில்லை. ஏ ராமக்கா, முப்பது வருசத்துல ஒரு கோழியக்கூட அடிக்கல, கேட்டுப் பாரு என்றார், முழு வாக்கியம், நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் காற்று வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, ஞானம், என்ன கணக்கு டீச்சர் நீ என்றார். பத்து மாதம் கழித்து என் பெயரைக் கேட்டேன். நானும் விடவில்லை, கணக்கெல்லாம் சரிதான், டிரைவர்தான் மாறிப்போச்சு என்றேன். அங்கேயே கீபோர்டை மடியில் வைத்து நாலாயிரம் என்று போட்டு இரண்டாம் முறை ஓட்டினோம். தேவதூதர் பேசி முடித்தார், அப்பா சுவிட்சைத் தட்டினார், ராஜாக்கள் மரியாதையாக வந்து நின்றார்கள். ஜனவரியில் ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் அந்தச் சின்ன மூடியைப் பழைய ஊசியிலேயே மாட்டிவிடுவேன், அதையும் பாவம் ஓயாமல் விரட்டக்கூடாது.

வீட்டுக்கு வந்ததில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார். காலையில் காபியில் சீனி பத்தலை என்றார், சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் லீக் பார்க்கச் சொல்லி ஒரு சண்டை. காற்று பாதி, குரல் பாதி, ஆனால் அவர் பேச்சுத்தான். ஆனாலும் உன் விஷயத்தில் மட்டும் இன்னும் தயக்கம். இன்றைக்குப் போனை எடுத்து உன் பெயர் வரை போய்விட்டு மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார். இந்தத் தாள்களை ராமக்காளை விட்டுப் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி, அசலைத் தபாலில் போடுகிறேன். நான் இதை எழுதினது அவருக்குத் தெரியவேண்டாம். ஆன்சியிடம் இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைக்கச் சொல், நீயும் சேர்ந்து குடி. பாலன் இயேசு உங்கள் இருவரையும் உடல் சுகத்தோடும் மனச் சமாதானத்தோடும் காக்கட்டும், எங்கள் இருவர் ஆசீரும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

கிறிஸ்துமஸ் அன்று இங்கே காலை எட்டு மணிக்கு, உங்களுக்கு முந்தின நாள் மாலை ஏழரைக்கு, போன் போடு. நான் பேசாமல் அப்பா கையில் கொடுத்துவிடுவேன். முதல் வார்த்தை வர நேரமாகும், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கூப்பிடாதே, அவர் ஆரம்பிக்கும் வரை நீ வாயைத் திறக்காமல் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ஞானம்