மேட்டில் சொல்ல முடியாதது

திருச்சுழி வட்டம்
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஜெகதீஸ்வரி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மஸ்கட்டில் உங்களுக்கு இருமல் நின்றதா? போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் கம்பெனிக்குத் திரும்புகிற வீரசோழன் ஊர்ப் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காட்டில் விதைத்த மல்லி ஒரு சாண் வளர்ந்துவிட்டது. மழை பிந்தினாலும் கரிசலில் ஈரம் நிற்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா.

டவர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வீட்டுக்குள் இருக்கிற போன், மணி பார்க்கத்தான் உதவும். பேச வேண்டுமென்றால் நம் காட்டு மேட்டில் ஏற வேண்டும். சாயங்காலம் ஊரே அங்கேதான் நிற்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மரியாதைக்கு முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். காதை யாரும் திருப்புவதில்லை.

நம்மிடம் களையெடுக்க வருகிற தங்கமாரியின் மகள் யுவராணி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போனிலேயே முகம் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். லைன் தெளிவாக இருக்கட்டும் என்று மேட்டில் நின்றவர்கள் எல்லோரும் தங்கள் போனை அணைத்துவிட்டார்கள். நானும் அணைத்தேன். அப்படியும் பாதியில் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிடுவதாக அப்புறம் தகவல் வந்ததாம். அன்றிலிருந்து விடிந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். மல்லி மிதிபடுகிறது என்று உங்கள் அண்ணன் அவளை இரண்டு தடவை விரட்டினார். மூன்றாம் தடவை நான் குறுக்கே போய் நின்றேன். இதை அவுக உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாக.

போன் கம்பெனிக்காரர்கள் டவர் போட அந்த மேட்டைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் போனில் சம்மதம் சொன்னால் போதும், கையெழுத்தைச் சித்திரையில் லீவுக்கு வரும்போது போடலாம் என்கிறார்கள். தை பிறப்பதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களாம். உங்கள் அண்ணன் சங்கையா, "கண்ட தெருவு ஆளுகளும் நம்ம காட்டுக்குள்ள வாரதுக்கு நாமளே பாதை போட்டுக் குடுக்கவா?" என்று கேட்டார். நீங்களும் வேண்டாம் என்றீர்கள். தங்கமாரி இருபது வருஷமாக அந்தக் காட்டுக்குள் நடந்துதான் களையெடுக்கிறாள். அப்போது நம் வீட்டில் யாரும் பாதையைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தப் பிள்ளைக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்காகவும் கேட்கிறேன். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்கிறீர்கள், ம் என்கிறேன். வேலை எப்படி என்று நான் கேட்கிறேன், ம் என்கிறீர்கள். போன மாதம் ஒரு நாள், என்னை நினைக்கிறாயா என்று கேட்டீர்கள். இந்தப் பக்கம் உங்கள் அண்ணன், அந்தப் பக்கம் தங்கமாரி, பின்னால் பாதி ஊர். மல்லி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

நினைக்கிறேன் மாமா. தினமும் நினைக்கிறேன்.

இதை நம் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, என் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டும். அந்த மேட்டைக் கொடுத்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீர் குடியுங்கள். அடுத்த முறை கூப்பிடும்போது சரி என்று மட்டும் சொல்லுங்கள், யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

உங்கள்
ஜெகதீஸ்வரி