ராசா இட்ட முட்டை

சனிக்கிழமை, இரவு

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் இன்று சலீம் அண்ணனின் மேஜிக் ஷோ. கோட்டின் ரகசியப் பையிலிருந்து என் வெள்ளைப்புறா ராசாவை எடுத்தார். கூடவே ஒரு முட்டையும் வந்தது. கூட்டம் கைதட்டியது. ராசா பெண் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

முட்டையைச் சட்டைப்பையில் போட்டு வந்து கூண்டில் வைத்தேன். ராசா உடனே அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் போனில், “நாளைக்கு ராஜபாளையம் ஷோவுக்குப் புறாவக் கொண்டாந்துருலே,” என்றார்.

“அடை காக்குதுண்ணே.”

“நீ பரீட்சைல வாங்குன முட்டைக்கெல்லாம் யாருலே அடை காத்தா?”

“முட்டைப் பேச்ச விட்டுட்டு, புறாவுக்குப் பதிலாக் கைக்குட்டைய எடுத்துக் காட்டுங்கண்ணே.”

சிரித்தார், சரி என்று சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் சட்டைப்பையில் கிடந்த முட்டை. உயிர் இல்லையென்றால் ராசாவைக் கூட்டிப்போகலாம். இருந்தால் கூடாது. எனக்குத் தெரியவில்லை. ராசாவுக்கும் தெரியாது போல. ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.