பறவைச் சத்தத்துக்கு வைத்த பெட்டி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். கொள்ளிடக் கரையில் மெமரி கார்டு மாற்றியாயிற்று. பேட்டரி வாங்க வேண்டும். செருப்பு வார் அறுந்து, காட்டூர் வரை காலை இழுத்து இழுத்து வந்தேன்.

ஒலிப்பதிவுப் பெட்டி கட்டியிருக்கும் மருத மரம் செல்வி அக்காவுடையது. வாழைத் தோப்பின் ஓரம். பறவைச் சத்தம் பிடிக்க என்றதும் "தாராளமா கட்டிக்க பாப்பா" என்றவர். போகும்போதெல்லாம் ஒரு சீப்புப் பழம் வேறு.

மாலை பதிவு கேட்டேன். மீன்கொத்தி, செம்போத்து, குக்குறுவான். நடுவில் செல்வி அக்காவின் குரல், தன் தங்கையோடு போனில். வீட்டில் எந்நேரமும் ஆள், அதனால் மரத்தடிக்கு வந்து பேசுகிறார். என் ஆராய்ச்சிக்கான இந்த ஒலித் தொகுப்பு இணையத்தில் பொதுவில் போகப்போவது. மனிதக் குரல் வந்தால் கேட்காமல் வெட்ட வேண்டும். கேட்டேன். முழுக்க. மார்பில் கட்டியாம். வீட்டில் சொல்லவில்லையாம். ஆவணியில் மகள் கல்யாணம் முடியட்டும் என்கிறார். அழுதார்.

அப்புறம்தான் வெட்டினேன். ரொம்ப ஒழுங்கு.

ஜூலை 9, புதன்

அக்காவிடம் விசாரித்தால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். விசாரிக்காவிட்டால் கட்டி சும்மா இருக்குமா? ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் பாதி சொன்னேன். அந்த ஒலித் துண்டை அழித்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

துணி துவைக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்று, புழுதி. அக்கா வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். யோசித்து வைத்ததெல்லாம் மறந்து, எடுத்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பறவைக்குன்னுதானே பாப்பா சொன்ன?"

அழித்துவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை, டாக்டரிடம் நானும் கூட வருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். பெட்டியைக் கழற்றட்டுமா என்றேன். "இருக்கட்டும். உன் படிப்பாச்சே" என்றார். திட்டியிருக்கலாம். பஸ்ஸில் அழுகை. "முன்னாடி சீட்டு காலியாருக்கு, உக்காந்துக்கம்மா" என்றார் கண்டக்டர்.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று. பேட்டரி மாற்றினேன். தோப்பில் யாருமில்லை. அக்கா வீட்டு வாசலில் நின்ற மகள், அம்மா வெளியே போயிருக்கிறார் என்றாள். எங்கே என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

பதிவைப் போட்டுக் கேட்டேன். வாரம் முழுக்க ஒரு மனிதக் குரல் கிடையாது. செம்போத்து அவ்வளவு துல்லியம். இதுவரை வந்ததிலேயே இதுதான் சுத்தமான பதிவு என்று, அனுப்பியதுமே கைடு பாராட்டி எழுதியிருக்கிறார்.

அக்கா இப்போது எங்கே போய் அழுகிறாரோ.