மரத்தைத் தாண்டிய மோரிஸ் மைனர்

பாய்,

இன்று காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸியின் ஒயர் கருகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, நூல்போல ஒரு புகை, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஆனால் அந்தக் கசப்பு வாசனை போகவில்லை. அதை முகர்ந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

நம் இருவரையும் பழக்கிவைத்ததே இந்த வாசனைதானே. அப்பாவின் மோரிஸ் மைனர், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில், டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து புகையைக் கக்கிக்கொண்டு நின்றுபோன நாள். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அப்பா இறந்தபோது வீட்டையும் அந்த வண்டியையும் விட்டுப்போனார். வீட்டை வைத்துக்கொள், வண்டியை விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அந்த நாளில் கள்ளக்குறிச்சியில் கார் ஓட்டிய பெண் வேறு யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆலைக்கு வந்திருந்த டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்துவந்து, சேலம் சாலையில் உங்கள் கடை வாசலில் விட்டது. நீங்களும் ஏறக்குறைய என் வயதுதான். லாரிக்கும் டிராக்டருக்கும் ஜீப்புக்கும் ஒயரிங் செய்துகொண்டிருந்தீர்கள். பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தீர்கள். பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தீர்கள்.

“இன்னா டீச்சர் இது, ஒயரிங்கா, காக்கா கூடா?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீங்கள் சொன்னது உண்மை. துணி நூல் பின்னிய பழைய ஒயர்கள் முறுக்குப்போல நொறுங்கின. எது சிவப்பு, எது பச்சை என்றே தெரியவில்லை, எல்லாம் மண் நிறம். அதற்குமேல் முப்பது வருடமாக ஆளாளுக்கு ஒரு ஒயரை இழுத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

“ரிப்பேர் பண்றதுக்கு இல்ல. எல்லாத்தையும் கழட்டிட்டு புதுசா போடணும். ஒரு மாசம் வுட்டுடுங்க,” என்றீர்கள்.

நான் விட்டுவிட்டுப் போகவில்லை. பள்ளி விட்டதும் தினமும் கடைக்கு வந்தேன். முதலில் சந்தேகத்தால்தான் வந்தேன், ஒளிப்பானேன். மூன்றாம் நாள் அப்பாவின் பெட்டியில் அந்த வண்டியோடு வந்த கையேடு கிடைத்தது. அதில் ஒயரிங் படம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அந்த வண்டியில் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு சேர வேண்டும். மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு. சில வாரங்களுக்கு முன் வெளியூரில் யாரோ புது பேட்டரி போட்டபோது மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி கருகியதற்கு அதுதான் காரணம்.

“எந்த ஊர்ல டீச்சர் பாசிடிவ்வ பாடில குடுப்பாங்க? நானும் பதினஞ்சு வருசமா பாத்துக்கினு இருக்கேன்,” என்று சிரித்தீர்கள். கடையில் இரண்டு லாரி டிரைவர்கள் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். நான் படத்தைப் பிரித்துவைத்து, டைனமோவிலிருந்து கட் அவுட் ரிலே வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். நீங்கள் சிரிப்பை நிறுத்தினீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பத்து நிமிடம் அந்தப் படத்தையே பார்த்தீர்கள். பிறகு அந்த டிரைவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள்:

“டீச்சர் சொல்றதுதான் கரெக்டு. தப்பு என்னுது.”

அதுவரை ஒரு ஆண் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, பாய். அன்றைக்கே நாம் கூட்டாளிகளாகிவிட்டோம்.

பழைய ஒயர் கட்டை முழுசாக வெளியே எடுத்து, சிமெண்டுத் தரையில் நீட்டி, நான் கொண்டுவந்த சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டீர்கள். விளக்குக்குப் பிரிவது, ஹாரனுக்குப் பிரிவது, பின்பக்கம் போவது என்று தரையில் ஒரு மரம் படுத்திருப்பதுபோல இருந்தது. நான் படத்தைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்டு, இரண்டு முனையிலும் சீட்டுக் கட்டினேன். பின்விளக்கு ஒயர்களின் முனைக்கு ஈயம் வைக்க என்னிடமே சூட்டுக்கோலைக் கொடுத்தீர்கள். முதல் நான்கு அசிங்கமாக வந்தன. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி வைத்தேன். “ஈயத்த சுட வெக்காதீங்க, ஒயர சுட வைங்க. அதுவா உள்ள போவும்,” என்றீர்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. ஊரெங்கும் அதே பேச்சு. என் மாணவிகளின் அப்பாக்களும் அண்ணன்களும் போனார்கள். கரும்பும் கடலையும் விளைவிக்கிற வீடுகளில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பிள்ளைகள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் நம் ஒயரிங் பாதியில் இருந்த ஒரு வாரம் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டபோது, ஊர் ஒரு தீவுபோல ஆகிவிட்டது. பஸ் இல்லை. தபால் இல்லை. போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் சின்னப்பொண்ணு வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். விடுதியில் தங்கி எங்கள் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவள். அவள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். அப்பாவோடு மலையிலிருந்து நடந்தே இறங்கிவந்து என் வீட்டு வாசலில் நின்றாள். காலில் கொப்புளம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள், நர்ஸ் பயிற்சிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லிக் கடலூரிலிருந்து வந்த கடிதம். நாளை மறுநாள் காலை பத்து மணி. வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கீழே அச்சடித்திருந்தது.

“நடந்தே போயிடறேன் டீச்சர். வழி மட்டும் சொல்லுங்க,” என்றாள். கடலூர் கள்ளக்குறிச்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இருவரையும் வீட்டில் உட்காரவைத்துவிட்டு உங்கள் கடைக்கு ஓடிவந்தேன். வண்டி எலும்புக்கூடாக நின்றது. ஒயர்க் கட்டு பாதி தரையில், பாதி உங்கள் மடியில். விஷயத்தைச் சொன்னேன். “இக்னிஷனுக்கு மட்டும் நேரா ஒரு ஒயர் குடுத்துடுங்க பாய். எஞ்சின் ஓடினா போதும். மீதிய வந்து பாத்துக்கலாம்,” என்று கெஞ்சினேன்.

“முடியாது டீச்சர்.”

“ஒரு பொண்ணோட வாழ்க்கை பாய்!”

“அதுக்குத்தான் சொல்றேன். அவசரத்துல ஒரு ஒயர தொங்க வுட்டு, போய்க்கினே இருக்கும்போது அது எங்கனா ஒரசி கருகிடுச்சின்னா? நடு ரோட்ல சர்டிபிகேட்ட கையில வெச்சிக்கினு அந்தப் பொண்ணு நிக்கும். முழுசா முடிப்போம். நாளைக்கி பொழுது சாயறதுக்குள்ள முடிப்போம். நீங்க லீவு போடுங்க.”

எனக்கு அழுகை வந்தது. இருந்தும் லீவு போட்டேன்; போடாமலேகூட இருந்திருக்கலாம், பள்ளிக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து வேலை. நீங்கள் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்து ஒயரின் எண்ணைச் சொல்வீர்கள், நான் படத்தைப் பார்த்து எதோடு எது என்று சொல்வேன். உங்கள் மனைவி இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்தார். கறுப்பு டேப்பை அரை விரல் அகலம் மேலே மேலே ஏறும்படி நீங்கள் சுற்றியதைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதுபோல இருக்கும். பாடியில் ஓட்டை இருக்கும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போட்டுத்தான் ஒயரை நுழைத்தீர்கள். ஒன்றைக்கூட விடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் இன்னொரு கிளிப்பை எடுத்தீர்கள்.

வெயில் இறங்கும் நேரத்தில், பாசிடிவ்வை பாடியில் கொடுத்து பேட்டரியை மாட்டினோம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். விளக்கு வந்தது, ஹாரன் அடித்தது, வைப்பர் நகர்ந்தது. கடைசியாக, திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து கைபோல நீளுமே, அந்தச் சிக்னல். அப்பா காலத்திலேயே செத்துப்போனது. நான் சுவிட்சைத் திருப்பினேன். டக்கென்று மஞ்சள் வெளிச்சத்தோடு வெளியே வந்தது. அதைத் தொட்டு உள்ளே தள்ளிவிட்டு, “இன்னொரு வாட்டி போடுங்க,” என்றீர்கள். மூன்று தரம் போடச் சொன்னீர்கள்.

அடுத்த நாள் விடியற்காலை புறப்பட்டோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் சின்னப்பொண்ணு; அவள் அப்பா என் வீட்டிலேயே தங்கிவிட்டார். டெஸ்ட் லாம்ப்பையும் டூல்ஸ் பையையும் மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் நீங்கள். சின்ன மரங்களைச் சுற்றி, வரப்பிலும் வண்டிப்பாதையிலும் இறங்கி ஏறி உளுந்தூர்பேட்டையைத் தாண்டினோம். திருநாவலூர் பக்கம் ஒரு பெரிய புளியமரம் சாலை முழுக்கக் கிடந்தது. இரண்டு பக்கமும் பள்ளம், தண்ணீர். இருபதுபேர் நின்றிருந்தார்கள்.

“ஒரு வண்டியும் போவக்கூடாது. திரும்பிக்கினு போங்க,” என்றார் தோளில் துண்டு போட்டிருந்த ஒருவர்.

நீங்கள் இறங்கிப் பேசப் போனீர்கள். அதற்குள் இந்தப் பக்கம் கதவு திறந்தது. எங்கள் பள்ளியில் மூன்று வருடம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண், கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணா, எடம் கேட்டுத்தான மரத்த வெட்டிப் போட்டிருக்கீங்க? எனக்கு ஒரு எடம் வந்திருக்கு. இன்னைக்கிப் பத்து மணிக்கிப் போவலன்னா அது போயிடும்.”

அவர் கடிதத்தை வாங்கி முழுதும் படித்தார்.

“எந்த ஊரும்மா?”

“வெள்ளிமலைக்கு மேல.”

“அங்கிருந்து எப்பிடி வந்த?”

“கள்ளக்குறிச்சி வரைக்கும் நடந்து.”

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

“மரத்த எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். வண்டிய எடுத்துடலாமா?”

சிரித்துக்கொண்டே எல்லோரும் வந்தார்கள். கிளைப்பக்கம் மரம் சற்றுத் தாழ்வு. பக்கத்துக்கு எட்டுப்பேராகக் குனிந்து அப்பாவின் மோரிஸை அலாக்காகத் தூக்கினார்கள். நீங்கள்தான் தவித்துப்போனீர்கள். “யப்பா, அந்தப் பக்கம் கைய குடுக்காதீங்க, கீழ ஒயர் போவுது! மெதுவா, மெதுவா!” என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினீர்கள். அந்தப் பக்கம் இறக்கியதும், வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் சேற்றில் படுத்து அடியில் பார்த்தீர்கள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒரு கிளிப்பு கூட அசையல டீச்சர். எடுங்க,” என்றீர்கள். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது. பழக்கத்தில், சாலைக்கு ஏறுமுன் சிக்னலைப் போட்டுவிட்டேன். அந்த மஞ்சள் கை வெளியே நீண்டதும் இருபதுபேரும் கைதட்டினார்கள். எதிரே ஒரு வண்டிகூட இல்லாத சாலையில் நான் சிக்னல் போட்டதற்கா, அது வேலை செய்ததற்கா, தெரியவில்லை.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போது கடலூரில் அவளை இறக்கிவிட்டோம். உள்ளே போனவள் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, “குடுத்துட்டாங்க,” என்று ஒரே சொல் சொன்னாள். நீங்கள் திரும்பி நின்று பானட்டைத் திறந்து ஏதோ பார்ப்பதுபோல வெகுநேரம் நின்றீர்கள். வண்டியில் பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

சின்னப்பொண்ணு இன்று மலையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். அவளுடைய தம்பியின் இரண்டு மகள்களும் அதே வேலைக்குப் படித்திருக்கிறார்கள். வண்டியின் எலக்ட்ரிக் சாமான்களில் பேட்டரியும் பல்பும் தவிர வேறெதையும் நான் மாற்றவில்லை, மாற்ற வேண்டி வரவும் இல்லை. போன மாதம்கூட இங்கே கலெக்டர் ஆபீஸ் வரை ஓட்டிக்கொண்டு போய்வந்தேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. டிராஃபிக் போலீஸ்காரர் சல்யூட் அடித்தார்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு, வந்திருந்த உங்கள் உறவுக்காரப் பெண்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

“இவங்கதான் அந்த மோரிஸ் டீச்சர். எங்க ஊட்டுக்காரரு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. அந்த வண்டிக்கு ஒயரிங் பண்ணது டீச்சரு, நான் கூட மாட நின்னேன்னு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் பாய் அது. அந்த வண்டியில் நூறு முனை என்றால், எண்பது உங்கள் கை வைத்தவை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, பதினாறு பதினேழு வயதிருக்கும், கண்ணை அகல விரித்து, “நீங்களா டீச்சர்?” என்றாள்.

“ஆமா,” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காக என்னை மன்னித்துவிடுங்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் மனமில்லை.

உங்கள்
டீச்சர்